கொப்பன்ஹேகன் தந்த கிற்றார்க் கலைஞர் ஹாங்க் ஷேர்மன்

டென்மார்க் என்றதும் எம்மவர் நினைவில் எழுபவை சிலவே. யூலாந்தின் சிற்றூர்களும், அங்கு இறைச்சித் தொழிற்சாலைகளிலும் மீன் தொழிற்சாலைகளிலும் கழிந்த இரவுகளும், நாவில் ஏற மறுத்த டெனிஸ் மொழியும் அவற்றுள் முதன்மையானவை. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் ஈழத் தமிழரின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை முடக்கியதும், அதன் விளைவாக 1993 ஜனவரியில் பிரதமர் போல் சுலூற்றரின் அரசே பதவி விலகியதும் எமது வரலாற்றின் பகுதிகளாகி விட்டன. டெனிஸ்காரரின் இசை பற்றி எம்மில் எத்தனை பேர் அறிவோம் என்று கேட்டால் விடை சற்றுக் கூச்சத்துக்குரியதே. அவர்களுடைய நாட்டில் வாழ்ந்தோம். அவர்களுடைய பாட்டைக் கேட்டோமில்லை.

எமது பிள்ளைகள் கேட்டார்கள். அடுத்த அறையின் கதவுக்குப் பின்னால் இரும்புப் பட்டறை இயங்குவது போன்ற ஓர் ஓசை எழுவதும், "இதென்ன சத்தம், குறை!" என்று தந்தை அதட்டுவதும் புலம்பெயர்ந்த வீடுகள் பலவற்றில் வழமையான காட்சி. அந்த ஓசைக்கு 'ஹெவி மெற்றல்' என்று பெயர். அதன் வரலாற்றில் ஒரு முக்கிய அத்தியாயம் கொப்பன்ஹேகனில் எழுதப்பட்டது என்பதும், அதை எழுதியோரில் முதன்மையானவர் ஹாங்க் ஷேர்மன் என்ற கிற்றார்க் கலைஞர் என்பதும் பெற்றோர் பலரும் அறியாத செய்தி. அவரது வாழ்வையும் தொழிலையும் இங்கு நாம் விரிவாகப் பார்க்க விரும்புகின்றோம். பெற்றோர் மனத்தில் இருக்கும் இரண்டு கேள்விகள் இந்த ஒரு மனிதரின் கதையில் நேராக வந்து நிற்கின்றன. இந்த இசை பிள்ளையைக் கெடுக்குமா என்பது ஒன்று. இதைக் கற்றால் சோறு கிடைக்குமா என்பது மற்றையது.

தொழிற்சாலையில் பிறந்த இசை

முதலில் இந்த இசையின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். 1965இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையொன்றில் 17 வயது இளைஞர் ஒருவரின் வலது கையின் இரு விரல் நுனிகள் இயந்திரத்தில் அகப்பட்டுத் துண்டாகின. ரோனி அயோமி என்ற அவ்விளைஞர் இடக்கை வாத்தியக்காரர். எனவே தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போயின. அவர் சவர்க்காரத் திரவப் போத்தலின் பிளாஸ்ரிக்கை உருக்கி விரலுறை செய்து அணிந்தார். தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தியின் கனத்த, தாழ்ந்த ஒலியே அவரது 'பிளாக் சபத்' குழுவின் முத்திரையாயிற்று. 1970இல் அக்குழுவின் முதல் இசைத்தட்டு வெளியானது. தொழிற்சாலையில் விரல் இழந்தவரின் கண்டுபிடிப்பு இது என்பதை, இயந்திரங்களோடு போராடிய எம்மவர் நின்று கேட்கலாம்.

எமது சங்கீத மொழியிலும் இதனை விளக்க முடியும். மின்கிற்றாரின் ஒலியை ஒலிபெருக்கியின் தாங்கும் அளவுக்கு மேல் செலுத்தினால் ஒலியலையின் முகடு நசுங்கி, மூலச் சுரத்துடன் கூட எண்ணற்ற கிளைச்சுரங்கள் முளைக்கின்றன. இந்நிலையில் மூன்று நான்கு சுரங்களை ஒன்றாக மீட்டினால் குழப்பமே மிஞ்சும். சட்சமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தால் அவற்றின் இரண்டுக்கு மூன்று என்ற எளிய விகிதத்தால் ஒலி கலங்காது மதில் போல் எழுந்து நிற்கும். அதனால் மெற்றல் கலைஞர் காந்தாரத்தைத் தவிர்த்துச் ச-ப இணைப்பையே ஆயுதமாகக் கொண்டனர். எமது தம்புராவின் சுருதியும் அதே ச-ப தான். அன்றியும் இவ்விசையினர் பெரிதும் விரும்பும் சுரவரிசை ஒன்று, அப்படியே எமது அனுமத்தோடியின் சுரங்களைக் கொண்டது. பிளாக் சபத்தின் முதற் பாடலை அச்சமூட்டுவதாக ஆக்கியது சட்சத்திலிருந்து பிரதி மத்திமத்துக்குத் தாவும் ஒரு தாவலே. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் வயலின் கற்கும் பிள்ளைக்கு இவை அந்நியமானவை அல்ல.

ரெனே குறோல்மார்க் என்ற இளைஞர்

1958இல் பிறந்த ஷேர்மனின் இயற்பெயர் ரெனே குறோல்மார்க். 1970களின் கடைசியில் கொப்பன்ஹேகனில் 'பங்க்' எனப்படும் எதிர்ப்பிசை புகுந்தபோது, அதில் முன்னணியில் நின்ற 'பிறற்ஸ்' குழுவில் அவர் கிற்றார் வாசித்தார். 1980இல் அக்குழுவின் இசைத்தட்டு சி.பி.எஸ். நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. பங்க் இசைக்கு மூன்று பிடிகள் தெரிந்தால் போதும் என்பர். ஷேர்மனுக்கு அது போதவில்லை. மேலும் கனமான, சிக்கலான இசையை அவர் நாடினார். அதே குழுவில் மற்றுமொரு கிற்றார்க் கலைஞராக மைக்கல் டெனர் இருந்தார். பின்னர் கிம் பென்டிக்ஸ் பீற்றசன் என்ற பாடகரும் வந்து சேர்ந்தார். கிங் டயமண்ட் என்ற மேடைப்பெயரால் உலகம் அறிந்தவர் இவரே.

புதிய திசையைப் பெரிய நிறுவனம் விரும்பவில்லை. குழு கலைந்தது. 1981இல் ஷேர்மனும் கிங் டயமண்டும் 'மேர்சிபுல் பேற்' என்ற குழுவைத் தொடங்கினர். கருணையுள்ள விதி என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். தனிக்குழு அமைத்திருந்த டெனரும் அவருடன் இருந்த பாஸ் கிற்றார்க் கலைஞர் ரிமி ஹான்சனும் இணைந்தனர். மேளத்துக்குக் கிம் றூஸ் வந்தார். இவ்வைவரே மூல அணி.

1982இல் ஒல்லாந்து நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்றின் மூலம் நான்கு பாடல்கள் கொண்ட தட்டு வந்தது. 1983இல் 'மெலிஸா', 1984இல் 'சபதத்தை முறிக்காதே' என்று பொருள்படும் இரண்டாவது முழுத்தட்டு ஆகியன தொடர்ந்தன. இரண்டும் கொப்பன்ஹேகனின் ஈஸி சவுண்ட் கூடத்தில், ஹென்றிக் லுண்ட் என்பவரின் தயாரிப்பில் பதிவானவை. இந்த இரண்டு தட்டுகளின் மீதுதான் ஷேர்மனின் புகழ் இன்றும் நிற்கின்றது. பின்னர் அவர் செய்தவற்றில் நல்லவை உண்டு. இவற்றுக்கு நிகரானவை இல்லை என்பதே எமது கருத்து.

ஏன்? பெரும்பாலான றொக் பாடல்கள் ஒரு பல்லவி, இரண்டு சரணம் என்று சுற்றி வரும். ஷேர்மன் அமைத்தவை அவ்வாறானவை அல்ல. 'றிவ்' எனப்படும் சிறு கிற்றார்த் தொடர் ஒன்றை எடுத்து, காது அதனுடன் பழகுமுன்பே இன்னொன்றுக்கு நகர்ந்து, நடையை மாற்றி, காலத்தை இரட்டித்து, திடீரென ஒற்றைத் தந்தியின் மெல்லொலிக்கு இறங்கி, மீண்டும் எழுவார். 'மெலிஸா' தட்டின் கடைசியில் முன்னுள்ள, பதினொரு நிமிடங்களுக்கு மேல் நீளும் பாடல் இதற்குச் சான்று. எமது இராகமாலிகையில் இராகம் மாறும்போது கேட்பவர் நிமிர்வது போல இங்கும் நிமிர வேண்டியிருக்கின்றது. அதற்கு மேல், இரண்டு கிற்றார்கள் உரையாடுவதும் இவர்களது தனிச்சிறப்பு. இரட்டைக் கிற்றார் முறை இங்கிலாந்தின் 'யூடாஸ் பிறீஸ்ற்' போன்ற குழுக்கள் வகுத்த வழி. ஷேர்மன் கூரியவர், கட்டற்றவர். டெனர் நிதானமானவர், இனிமையை விடாதவர். ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கும்போது, ஒரே மேடையில் இரு நாதஸ்வர வித்துவான்கள் மாறி மாறி ஆலாபனை செய்வதை நினைவுகூரலாம்.

அச்சம் தரும் முகம்

இனி முதற் கேள்விக்கு வருவோம். கிங் டயமண்ட் முகத்தைக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசிக்கொண்டு, மனித எலும்புகளைக் குறுக்காகக் கட்டிய ஒலிவாங்கியைப் பிடித்துப் பாடினார். அவரிடம் ஒரு மண்டையோடு இருந்தது. 'மெலிஸா' என்பது அவர் அதற்கு வைத்த பெயரே. பாட்டுகளில் சாத்தான் வருகின்றான், சூனியக்காரிகள் வருகின்றனர். தன்னைச் சாத்தானிய வாதி என்றே கூறிக்கொண்ட அவர், அதனை ஒரு வாழ்க்கைத் தத்துவமாகவே தாம் கொள்வதாக விளக்கினார். 1985 செப்ரெம்பரில் அமெரிக்க செனற் சபையில், பாட்டுக்களின் ஒழுக்கம் குறித்து விசாரணை நடந்தது. செனற்றர் அல் கோரின் துணைவியார் ரிப்பர் கோர் முதலானோர் அமைத்த பெற்றோர் சங்கம், ஆட்சேபத்துக்குரிய 15 பாடல்களைப் பட்டியலிட்டது. அதில் மடோனா, பிறின்ஸ் போன்ற பெரும் பெயர்களோடு மேர்சிபுல் பேற்றின் பாடலொன்றும் இடம்பெற்றது. இசைத்தட்டுக்களின் மேல் பெற்றோருக்கான எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் வழக்கம் இதிலிருந்தே பிறந்தது. வேடிக்கை என்னவெனில், அந்த விசாரணை நடந்த நேரத்தில் குழுவே உலகில் இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்னர் அது கலைந்து போயிற்று.

பிள்ளைகள் பற்றிய பெற்றோரின் கவலையை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஊரை விட்டு வந்தவருக்கு, பிள்ளையும் கைநழுவிப் போகுமோ என்ற பயம் மற்றவரை விட இரு மடங்கு உண்டு. ஆயினும், சுடலைப் பொடி பூசி, கபாலம் ஏந்தி, பேய்க் கணத்தோடு ஆடுபவனைத் தெய்வமாகக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். காளியின் கழுத்தில் தொங்குவது மல்லிகை மாலை மட்டுமன்று. மண்டையோட்டைக் கண்டவுடனே பண்பாடு அழிந்தது என்று நாம் முடிவுகட்டுவது சற்றுப் பொருந்தாது. கூத்தில் சூரன் வேடம் கட்டியவரை ஊரார் சூரனென்று அடித்து விரட்டியதில்லை. பிள்ளை எதைக் கேட்கின்றான் என்பதை அவனோடு ஒருமுறை இருந்து கேட்டுவிட்டுப் பேசுவது, கதவைத் தட்டிக் குறை என்று சொல்வதிலும் பயனுள்ளது.

மெற்றாலிக்கா வந்து தங்கிய காலம்

கொப்பன்ஹேகனின் புறநகரான கென்ரொப்ரவில் 1963இல் பிறந்த லார்ஸ் உல்றிக், ரென்னிஸ் வீரர் ரோர்பன் உல்றிக்கின் மகன். தந்தையின் வழியே ரென்னிஸ் பயில 1980இல் அமெரிக்கா சென்றவர், மட்டையை வைத்துவிட்டு மேளத்தடியை எடுத்தார். 1981இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பத்திரிகை ஒன்றில் அவர் கொடுத்த சிறு விளம்பரமே 'மெற்றாலிக்கா' என்ற உலகப் பெருங்குழுவின் தொடக்கம். அவரும் ஒருவகையில் புலம்பெயர்ந்தவரே. ஆனால் விசாவுக்காக ஏங்கிய புலப்பெயர்வு அல்ல.

1984இன் தொடக்கத்தில் மெற்றாலிக்கா தனது இரண்டாவது இசைத்தட்டைப் பதிவுசெய்யக் கொப்பன்ஹேகனின் சுவீற் சைலன்ஸ் கூடத்துக்கு வந்தது. பிளெமிங் றஸ்முசன் என்ற டெனிஸ் ஒலிப்பதிவாளரின் திறமையே அவர்களை ஈர்த்தது. அதற்குச் சற்று முன்னர் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் அவர்களது கருவிகள் களவு போயிருந்தன. கையில் காசில்லை, கூடத்திலேயே உறங்கினர். அந்நாட்களில் அவர்கள் ஒத்திகை பார்த்த இடம் மேர்சிபுல் பேற் குழுவின் ஒத்திகை அறை. பிற்காலத்தில் உலக அரங்குகளை நிறைத்த குழுவுக்கு, அன்று தன் அறையைத் திறந்துவிட்டவர்கள் ஷேர்மனும் நண்பர்களும். மெற்றாலிக்காவின் மூன்றாவது தட்டும் 1985இல் அதே நகரிலேயே பதிவாயிற்று. கலிபோர்னியாவின் 'ஸ்லேயர்' குழுவினர் 1985இல் வெளியிட்ட நீண்ட, பல திருப்பங்கள் கொண்ட பாடல்களிலும் ஷேர்மனின் வழி தெளிவாகக் கேட்கும். பின்னர் நோர்வேயில் 1990களின் தொடக்கத்தில் எழுந்த கறுப்பு மெற்றல் குழுக்கள், சுவீடனின் 'கோஸ்ற்' குழு என அந்தத் தாக்கம் பரந்தது.

முறிவும் அதன் பின்னும்

1985 வசந்தத்தில் குழு உடைந்தது. காரணம் பணச்சண்டையோ பகையோ அன்று. ஷேர்மன் இன்னும் எளிமையான, வானொலியில் ஒலிக்கத்தக்க இசையை நாடினார். கிங் டயமண்ட் ஒரு அங்குலமும் நகர மறுத்தார். பாடகர் தன் பெயரில் தனிக்குழு அமைத்தார். டெனரும் ஹான்சனும் அவருடன் சென்றனர். 1987இல் வந்த 'அபிகேல்' என்ற கதைத்தட்டு அவர்களுக்குப் பெரும் பெயர் ஈட்டியது. ஷேர்மனோ 'பேற்' என்ற குழுவை அமைத்து, 1985இலும் 1986இலும் இனிமையான மென்றொக் தட்டுகளை வெளியிட்டார். பழைய இரசிகர் அவரைத் துரோகி என்றே ஏசினர்.

அந்த ஏச்சு நியாயமற்றது என்பது எமது எண்ணம். இருபத்தேழு வயது வரை இடியோசையை மட்டும் வாசித்த ஒருவர், மெல்லிசையையும் முயன்று பார்ப்பேன் என்பதில் என்ன குற்றம்? வயிறு என்று ஒன்று உண்டு. புலத்தில் பட்டதாரி ஆசிரியர் கோப்பை கழுவியதையும், ஊரில் மேடை கண்ட கலைஞர் இரவுப் பணிக்குப் போனதையும் கண்ட நாம், பிழைப்புக்காகத் திசை மாறியவரைத் தூற்ற முடியாது. அந்த மெல்லிசை நின்று நிலைக்கவில்லை என்பது வேறு விடயம்.

1991இல் ஷேர்மனும் டெனரும் 'ஸோசர் மெஸ்' என்ற பெயரில் மீண்டும் ஒன்றாக வாசித்தனர். 1993 ஜூனில், அதாவது தமிழர் வழக்கினால் அரசு வீழ்ந்த அதே ஆண்டில், மேர்சிபுல் பேற் புத்துயிர் பெற்று 'நிழல்களில்' என்று பொருள்படும் தட்டை வெளியிட்டது. அதில் ஒரு பாடலுக்கு லார்ஸ் உல்றிக் மேளம் வாசித்துப் பழைய கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தார். 1999 வரை மேலும் நான்கு தட்டுகள் வந்தன. டெனர் 1996இல் விலகினார். கொப்பன்ஹேகனில் அவர் இசைத்தட்டுக் கடை ஒன்றை நடத்தி வந்தார். உலகம் கொண்டாடிய கிற்றார்க் கலைஞர் கல்லாவின் பின்னால் நின்று பழைய தட்டுகளை விற்றார் என்பதில் டெனிஸ்காரர் எவரும் வியப்புக் கொள்ளவில்லை. அந்நாட்டின் குணம் அது.

சோறு கிடைக்குமா?

இரண்டாவது கேள்விக்கு விடை 1998இல் கிடைத்தது எனலாம். அவ்வாண்டு மெற்றாலிக்கா, தான் மதிக்கும் குழுக்களின் பாடல்களை மட்டும் வாசித்து ஓர் இரட்டைத் தட்டு வெளியிட்டது. அதில் மேர்சிபுல் பேற்றின் ஐந்து பாடல்களைக் கோர்த்துப் பதினொரு நிமிட மாலையாக்கி, அக்குழுவின் பெயரையே அதற்குச் சூட்டினர். அந்தத் தட்டு அமெரிக்காவில் மட்டும் பல மில்லியன் விற்பனைக்கான சான்றிதழ் பெற்றது. ஒரு பாடலை யார் வாசித்துப் பதிவுசெய்தாலும், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் இயற்றியவருக்கு ஒரு பங்கு சேர வேண்டும் என்பது பதிப்புரிமைச் சட்டம். வானொலியில் ஒலித்தாலும் அவ்வாறே. டென்மார்க்கில் ஒலிபரப்புக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் உரிய பங்கை வசூலித்துக் கொடுப்பதற்கென 1926 முதல் 'கோடா' என்ற சங்கம் இயங்கி வருகின்றது. மேர்சிபுல் பேற்றின் பாட்டுக்களுக்குச் சொல் கிங் டயமண்டுடையது. இசையில் பெரும்பங்கு ஷேர்மனுடையது. இருபத்தைந்து வயதில் ஓர் ஒத்திகை அறையில் அமைத்த சுரங்கள், நாற்பது வயதில் வேறொருவரின் விரல்கள் வழியாக அவருக்கு வருவாய் தந்தன.

இங்கே எம்மவர் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. எமது பிள்ளைகள் பலர் பிறர் பாட்டைப் பாடி மேடையேறுவதிலேயே திருப்தி கொள்கின்றனர். சினிமாப் பாட்டை எவ்வளவு திறமையாக வாசித்தாலும் உரிமை வாசித்தவருக்கு இல்லை. சொந்தமாக ஒன்றை அமைத்துப் பதிவுசெய்து, பெயரை உரிய சங்கத்தில் பதிந்து வைப்பவருக்கே அது சொத்தாகின்றது. டென்மார்க்கில் 1976இல் இசைக்கென்றே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நகரசபைகளின் இசைப் பாடசாலைகளில் பிள்ளைகள் குறைந்த கட்டணத்தில் கருவி பயில முடிகின்றது. அக்கதவு அகதியின் பிள்ளைக்கும் திறந்ததே. அதனைத் தட்டியோர் எம்மில் குறைவு.

எனினும் இத்தொழிலைச் சர்க்கரையாகக் காட்டவும் நாம் விரும்பவில்லை. ஷேர்மன் செல்வந்தராகி ஓய்ந்தவர் அல்ல. 2003இலும் 2005இலும் 'போர்ஸ் ஒவ் ஈவில்' என்ற குழுவோடும், 2015, 2016 ஆண்டுகளில் டெனரோடு இருவரின் பெயர்களையும் இணைத்த குழுவோடும் புதிய தட்டுகளை வெளியிட்டார். ஒவ்வொரு முறையும் புதிய குழு, சிறிய அரங்கு, மீண்டும் அடியிலிருந்து தொடக்கம். ஐம்பத்தெட்டு வயதிலும் அதனைச் செய்தார்.

2011 டிசெம்பரில் மெற்றாலிக்கா தனது முப்பதாண்டு நிறைவைச் சன் பிரான்சிஸ்கோவில் கொண்டாடியபோது கிங் டயமண்ட், ஷேர்மன், டெனர், ஹான்சன் நால்வரையும் மேடைக்கு அழைத்தது. ஓராண்டுக்கு முன்புதான் கிங் டயமண்ட் இருதய அறுவைச் சிகிச்சையில் உயிர் தப்பியிருந்தார். அந்த நால்வரும் ஒன்றாக நின்ற நிகழ்ச்சி அது.

2019 ஓகஸ்ற்றில் மேர்சிபுல் பேற் மீண்டும் மேடையேறும் என்ற அறிவிப்பு வந்தது. நோயுற்றிருந்த ஹான்சனின் இடத்தில் அமெரிக்கரான யோய் வேரா வாசிப்பார் என்றும் கூறப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் திகதி ரிமி ஹான்சன் புற்றுநோயால் காலமானார். பின்னர் கொரோனாத் தொற்று உலகை முடக்கிற்று. 2022 கோடையில்தான் அந்த மேடைகள் சாத்தியமாயின. கொப்பன்ஹேகனில் அவர்கள் வாசித்த இடம் றெப்ஸ்ஹேலத் தீவு. ஒரு காலத்தில் பேர்மைஸ்ரர் அன்ட் வைன் கப்பல் கட்டும் தளம் இயங்கிய இடம் அது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலை செய்த அத்தளம் 1996இல் மூடப்பட்டபின், 2010 முதல் அங்கு 'கொப்பன்ஹெல்' என்ற மெற்றல் திருவிழா நடந்து வந்தது.

மேடையில் டெனரும் இல்லை. அவரது இடத்தில் சுவீடனைச் சேர்ந்த மைக் வீட் நின்றார். 64 வயதை நெருங்கிக் கொண்டிருந்த ஷேர்மன், பழைய பாடல்களோடு சால்ஸ்பேர்க் நகரின் பெயர் தாங்கிய புதிய, நீண்ட பாடலொன்றையும் அவ்வாண்டின் மேடைகளில் வாசித்தார். அதிலும் றிவ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டே இருந்தன.